ஊருக்கு உழைச்சா எனக்கு என்ன கிடைக்கும்? ஓஎல் முடிச்ச ஒரு தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கட கேள்விய ரெண்டு தரம் வாசிச்சன். ஓஎல், அதான் பதினொராம் வகுப்புச் சோதனை, எழுதியாச்சு, ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் கொழும்பு வெள்ளவத்தையில பிளாட்டுக்குள்ள சும்மா இருக்கீங்க, கூடப் படிச்ச பிள்ளை ஒராள் வொலன்டியர் வேலைக்கு வா எண்டு கூப்பிடுறா, அம்மா "ஊருக்கு உழைச்சு நீ என்னத்தக் காணப் போறாய், அந்த நேரத்துக்கு கெம்பஸ் போறதுக்கான ஏஎல் கிளாஸத் தொடங்கு" எண்டு சொல்லுறா. அதால "பொய் சொல்லாம சொல்லுங்க, எனக்கு என்ன கிடைக்கும்" எண்டு கேட்டிருக்கீங்க. வழமையா இதுக்கு எல்லாரும் மனநிறைவு, புண்ணியம் எண்டு ரெண்டு சொல்லுல முடிச்சிடுவாங்க. பதினாறு வயசுல எனக்கு யாராவது அப்பிடி சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டன், அதால கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுமையா வாசிங்க.

முதல்ல கிடைக்காதத சொல்லிடுறன். கெம்பஸ் போறதுக்கு இது அனேகமா உதவாது. 2001ல இருந்து இங்க பல்கலைக்கழக அனுமதி இசட் ஸ்கோர்லதான் ஓடுது, அந்தக் கணக்குக்குள்ள உங்கட மார்க்ஸ் இருக்கு, அதே பாடத்த மத்தவங்க எப்பிடி செஞ்சாங்க எண்டது இருக்கு, பிறகு நீங்க எந்த மாவட்டம் எண்டது இருக்கு, பொதுவா அவ்வளவுதான். நூறு பேருக்கு சோறு குடுத்தீங்களா, கடற்கரை கூட்டினீங்களா எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கொழும்பு மாவட்டத்துக்கு கட் ஒப் எவ்வளவு உயரத்துல நிக்கும் எண்டு அம்மாவுக்குத் தெரியும், அவட பயம் பிழையில்ல. வெளிநாட்டுக்கு, அதுவும் அமெரிக்கப் பக்கம் அப்ளை பண்ணுற பிள்ளையளுக்கு இதையெல்லாம் பார்ப்பாங்க, ஆனா அதுக்காக மட்டும் தொடங்கின பிள்ளையள் மூண்டாம் கிழமையே காணாமப் போனத நான் கண்ணால கண்டிருக்கன்.

வேலைக்கு உதவுமா எண்டா, இது எனக்குக் கொஞ்சம் தெரிஞ்ச இடம், ஏனெண்டா நான் பதினொரு வருசமா ஒரு கொம்பனியில எச்ஆர்ல இருக்கன், இன்டர்வியூவுக்கு வார பிள்ளையள்ட பைல நான்தான் முதல் திறக்கிறது. சேர்ட்டிபிகேட் நிறைய வரும். கிளப் செக்ரட்டரி, புரொஜெக்ட் சேர்மன், பிளாஸ்டிக் கவருக்குள்ள வடிவா அடுக்கி வச்சிருப்பாங்க, உண்மைய சொன்னா நாங்க அத ஒவ்வொண்டா வாசிக்கிறதில்ல, தாள் பிரட்டுற சத்தம் மட்டும்தான். ஆனா நான் ஒரு கேள்வி கேப்பன்: "இதுல உங்களுக்குப் பிடிக்காத வேலை எது, அத எப்பிடி செஞ்சு முடிச்சீங்க?" உண்மையா வேலை செஞ்ச பிள்ளை உடன சிரிச்சிடும். "மிஸ், பார்சல் கட்டுறது பிரச்சினையில்ல, யாருக்கு முதல் குடுக்கிறது எண்டுறதுதான் சண்டை" எண்டு தொடங்கி அஞ்சு நிமிசம் கதைக்கும். போட்டோவுக்கு மட்டும் போன பிள்ளை "எல்லாமே நல்ல அனுபவம்" எண்டு சொல்லிட்டு என்னையே பார்த்துக்கொண்டு இருக்கும். ஆக சேர்ட்டிபிகேட் உதவாது, அந்த அஞ்சு நிமிசக் கதை உதவும், அத எந்தக் கடையிலயும் பிரின்ட் எடுக்க ஏலாது.

சரி, எனக்கு என்ன கிடைச்சிச்சு எண்டு சொல்லுறன். நான் கொழும்பு கொட்டாஞ்சேனை. ஓஎல் முடிச்சு உங்கள மாதிரித்தான் இருந்தன், வாயத் திறந்தா குரல் வராது, அவ்வளவு கூச்சம். மாமா ஒராள் ஞாயித்துக்கிழமை பின்னேரத்துல ஒரு கோயில் மண்டபத்துல, புறக்கோட்டை கடையள்ல நிக்கிற பொடியன்களுக்கு படிப்பிச்சுக்கொண்டு இருந்தார். மலையகத்துல ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கத்துல இருந்து வந்தவங்க, கன பேர் ஓஎல் வரைக்கும் வராமலே வேலைக்கு வந்தவங்க, ஞாயிறு கடை பூட்டுறதால அண்டைக்கு மட்டும்தான் நேரம். மாமா என்னை இங்கிலிஸ் படிப்பிக்க விட்டார். நான் ஸ்கூல் கிராமர் புத்தகத்தத் தூக்கிக்கொண்டு போய் டென்ஸ் எழுதினன் போர்ட்ல. இருபது நிமிசத்துல பாதிப் பேர் நித்திரை. கிழமை முழுக்க மூட்டை தூக்கினவனுக்கு பாஸ்ட் பெர்பெக்ட் எதுக்கு? அண்டைக்கு வீட்ட வந்து அழுதன், இனி போகமாட்டன் எண்டு அம்மாட்டயும் சொல்லிட்டன், அம்மாவுக்கு அதுல சந்தோசம் வேற.

அடுத்த கிழமையும் போனதுக்கு காரணம் மாமாட வாய்க்குப் பயந்துதான், பெரிய இலட்சியம் ஒண்டும் இல்ல. அண்டைக்கு ஒரு பொடியன் எழும்பி "அக்கா, முதலாளி கடன் கொப்பியில எழுதுறத வாசிக்க சொல்லித் தாங்க, அது காணும்" எண்டான். அதுல இருந்துதான் எல்லாம் மாறிச்சு. பில் எழுதுறது, பேங்க்ல காசு போடுற சிலிப் நிரப்புறது, மருந்து பெட்டியில திகதி பார்க்கிறது, ஊருக்குப் போற ட்ரெயின் டைம் வாசிக்கிறது, இதுகள்தான் பாடம். நான் ஏஎல் கொமர்ஸ் தொடங்கின நேரம், எக்கவுண்டிங்ல டெபிட் கிரெடிட் எனக்குத் தலைகீழா நிண்டிச்சு. அந்தப் பொடியன்ட கடன் கொப்பிய வச்சு "இவர் கடனுக்கு வாங்கினா கடைக்கு அவர்ட்ட இருந்து காசு வரக் கிடக்கு, அதால அவர்ட பேருல டெபிட், வித்தது கிரெடிட்" எண்டு அவனுக்கு விளங்கப்படுத்தப் போய் எனக்கே அண்டைக்குத்தான் விளங்கிச்சு. டியூசன் சேர் மூண்டு மாசமா சொன்னது ஒரு கொப்பியில முடிஞ்சிது. படிப்பிக்கிறவனுக்குத்தான் பாடம் கூட ஏறும் எண்டு எங்கட ஆக்கள் சும்மா சொல்லயில்ல. 1965லயே பிராங்க் ரீஸ்மன் எண்ட அமெரிக்க சமூக உளவியலாளர் கிட்டத்தட்ட இதத்தான் எழுதினார், உதவி வாங்கிறவர விட உதவி செய்யிறவருக்கே சில நேரம் கூட நன்மை எண்டு. அவர் சொன்னது மன ஆறுதல், மீண்டெழுறது பற்றி, நான் அத டெபிட் கிரெடிட்டுக்கும் இழுக்கிறன், பரவாயில்ல.

அந்தப் பொடியன்கள்ட்ட நான் படிச்சதையும் சொல்லணும். பார்சல் சணல் நூலால ஒரே இழுப்புல கட்டுறது, காசு எண்ணுற வேகம், புறக்கோட்டையில எந்தக் கடையில எத கேக்கணும், விலை சொன்னா முகத்த எப்பிடி வச்சிருக்கணும். இண்டைக்கும் நான் சாறி எடுக்கப் போனா அந்த முகத்தோடதான் போறன்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். கொழும்பில தமிழ் மீடியத்துல படிக்கிற பிள்ளையள்ட வாழ்க்கைய எடுத்துப் பாருங்க. வீடு, ஸ்கூல், டியூசன், கோயில் இல்லாட்டி சேர்ச், சொந்தக்காரர்ட கலியாணம். எல்லா இடத்துலயும் எங்கட ஆக்கள்தான். காலி வீதியில, அதான் கோல் ரோட்ல, ஒரு கிலோமீற்றருக்குள்ள பிறந்து வளர்ந்து படிச்சு முடிக்கலாம், இந்த நகரத்துல பாதிப் பேரோட ஒரு வசனம் கதைக்காமலே. சிங்களம் ரெண்டாம் மொழிப் பாடமா ஸ்கூல்ல படிக்கிறம், பாஸும் பண்ணுறம், திரீவீல்காரரோட கதைக்க ஏலாது. நான் அப்பிடித்தான் இருபத்தஞ்சு வயசு வரைக்கும் இருந்தன், வேலைக்குப் போயும் இங்கிலிஸ வச்சே சமாளிச்சன்.

2016 மே மாசம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி வந்திச்சே, அது வடிஞ்ச பிறகு நாங்க ஒரு பதினஞ்சு பேர் வீடு கழுவப் போனம். சரியா வெசாக் நேரம். தண்ணி போனா முடிஞ்சிது எண்டு நினைச்சிருந்தன், பிறகுதான் தெரியும் தண்ணிய விட சேறுதான் கொடுமை எண்டு, முழங்கால் உயரத்துக்கு மெத்தையா படிஞ்சிருக்கும், வாடை தலைமயிர்ல இருந்து ரெண்டு நாளைக்குப் போகாது. ஒரு சிங்கள ஆச்சிட வீடு. அவ ஒரு மூலையில கதிரையில இருந்து ஒவ்வொரு பொருளா காட்டுறா, எது எறியிறது எது கழுவுறது எண்டு, எனக்கு ஒண்டும் விளங்கல. மெத்தைய எறியலாம் எண்டு தூக்கினா அவ கத்துறா. அதுக்குள்ள ஏதோ சுத்தி வச்சிருக்கிறா, அத சொல்லுறதுக்கு அவவுக்கும் என்ட மொழி இல்ல, எனக்கும் அவட மொழி இல்ல. பக்கத்து வீட்டு முஸ்லிம் தாத்தா ஒராள் வந்து தமிழ்ல சொன்ன பிறகுதான் மெத்தைய வெட்டி எடுத்தம், பிளாஸ்டிக் பைக்குள்ள காணி உறுதி! மத்தியானம் பள்ளிவாசல்ல சமைச்ச சோத்துப் பார்சல் எல்லாருக்கும் வந்திச்சு. போகும்போது ஆச்சி பிளேன் டீ ஊத்தி வச்சுக்கொண்டு "தூவ, தே எகக் பீலா யன்ன" எண்டா. மகள், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டு. அந்த ஒரு வசனம் எனக்கு முழுசா விளங்கிச்சு.

அதுக்குப் பிறகு ஆறு கிழமை ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஒழுங்கைக்குப் போனன். பத்து வருசம் ஸ்கூல்ல வராத சிங்களம் அந்த ஆறு கிழமையில நாக்குல ஏறிச்சு, ஏனெண்டா அங்க பிழை விட்டா மார்க்ஸ் வெட்ட ஆளில்ல, சிரிச்சிட்டு திருத்தி சொல்லுவாங்க. தங்கச்சி, என்னட்ட நீங்க ஒரே ஒரு பதில் கேட்டா இதத்தான் சொல்லுவன்: நீங்க பிறந்த ஊரே உங்களுக்குக் கிடைக்கும். எந்த ஒழுங்கை எங்க போகுது, யார்ட்ட என்ன மாதிரிக் கதைக்கணும், பீஎச்ஐய, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர, எப்பிடிப் பிடிக்கிறது, கிராம சேவகர்ட்ட எந்த நேரம் போனா ஆள் இருப்பார், இதெல்லாம் காசு குடுத்து வாங்க ஏலாத அறிவு. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலோட களனி திரும்பப் பெருகினப்ப எங்கட அந்தப் பழைய வட்ஸ்அப் குரூப் ராத்திரியோட ராத்திரியா முழிச்சிச்சு, பதினஞ்சு பேர்ல ஒம்பது பேர் இன்னும் அதுலதான் இருக்காங்க, மூண்டு மொழியில வொய்ஸ் மெசேஜ்.

உடம்புக்கும் ஏதோ நடக்குதாம். 2013ல வந்த ஒரு ஆராய்ச்சி, கனடாவுல ஒரு ஹைஸ்கூல்ல பத்தாம் வகுப்புப் பிள்ளையள் 106 பேர எடுத்து, ஒரு பகுதிய கிழமைக்கொருக்கா சின்னப் பிள்ளையளோட வேலை செய்ய அனுப்பி, மத்தப் பகுதிய பிறகு போகலாம் எண்டு காக்க வச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு இரத்தம் எடுத்துப் பார்த்தா, போன பிள்ளையளுக்கு கொலஸ்ட்ரோலும் உடம்புல அழற்சி காட்டுற ஒரு அளவும் குறைஞ்சிருந்திச்சு, அதுலயும் மத்தவங்கள்ல இரக்கம் கூடின பிள்ளையளுக்குத்தான் கூடக் குறைஞ்சிச்சாம். ஒரே ஒரு ஸ்கூல்ல செஞ்சது எண்டதையும் மனசுல வச்சுக்கொள்ளுங்க, இத வச்சு வைத்தியம் பார்க்கப் போகாதீங்க. எனக்கு அதுல பிடிச்சது, குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சுப் பார்த்தது, இல்லாட்டி "ஏற்கனவே நல்லா இருக்கிற பிள்ளையள்தான் இதுகளுக்குப் போகும்" எண்டு தட்டிக் கழிச்சிடலாம்.

இன்னொண்டு, அம்மா கட்டாயப்படுத்தி விடுற வீடும் இருக்கு, உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்ல, ஆனா சொல்லி வைக்கிறன். 1999ல அமெரிக்காவுல செஞ்ச ஒரு ஆராய்ச்சியில, விருப்பமில்லாதவங்கள கட்டாயத்தில சேவை செய்ய வச்சா பிறகு தானா செய்யிற எண்ணமும் குறைஞ்சு போகுது எண்டு வந்திச்சு. ஸ்கூல்ல "எல்லாரும் கட்டாயம் சிரமதானத்துக்கு வரணும்" எண்டு, அதான் கூடி நிண்டு செய்யிற பொது வேலைக்கு, சொன்ன நாளுல எத்தின பேருக்கு வயித்து வலி வாறது எண்டு உங்களுக்கே தெரியும்.

சிரமதானம் எண்டு சொல்லும்போது ஒரு விசயம், இந்த ஊர்ல மாணவர் தொண்டு எண்டத பெருசாக்கினதே கொழும்பு ஸ்கூல் ஒண்டுல இருந்துதான். 1958ல நாலந்தா கொலேஜ்ல படிப்பிச்சுக்கொண்டிருந்த ஏ.டி. ஆரியரத்ன தன்ட மாணவர்கள கூட்டிக்கொண்டு கனதொலுவ எண்ட, மத்தவங்க சாதி சொல்லி ஒதுக்கி வச்சிருந்த ஒரு கிராமத்துக்குப் போய் முகாம் போட்டார். அதுல இருந்து வளர்ந்ததுதான் சர்வோதயம் எண்ட கிராம முன்னேற்ற இயக்கம். "நாங்க ரோட்டக் கட்டுறம், ரோடு எங்களக் கட்டுது" எண்டு அவங்கட கோசம் ஒண்டு இருக்கு, உங்கட கேள்விக்கு அந்த அரை வரியே பதில் எண்டும் சொல்லலாம். ஆனா எனக்கு அந்தக் கதையில பிடிச்ச இடம் வேற. நகரத்துப் பொடியன்கள் கிராமத்துக்குக் குடுக்கப் போகல, அங்க தங்கி, சாப்பிட்டு, அந்த ஆக்களோட மண் வெட்டப் போனாங்க. ஒதுக்கின வீட்டுல கை நனைச்சிட்டு வந்த பிள்ளை திரும்ப பழைய பிள்ளையா வீட்ட போயிருக்காது.

இதோட எனக்கு ஒரு கோபமும் இருக்கு, சொல்லாம விட ஏலாது. நான் கொஞ்ச நாள் இருந்த ஒரு கிளப், பேர் வேண்டாம், ஒரு வீடு நிறையப் பிள்ளையள் இருக்கிற இடத்துக்கு கொப்பி குடுக்கப் போனம். கொப்பி முப்பது, பெனர் ஒண்டு, கெமரா மூண்டு. ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரே கொப்பிய நாலு தரம் குடுத்தாங்க, போட்டோ சரி வரல எண்டு. நாலாவது தரம் அந்தப் பிள்ளை கைய நீட்டவே இல்ல, நேரா கெமராவப் பார்த்து சிரிச்சிச்சு, அதுக்குப் பழகிட்டுது. அண்டைக்கு பஸ்ல வரும்போது ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்கல, ஆனா பேஸ்புக்ல அண்டிரவே போட்டோ வந்திச்சு. அப்பிடி இடங்களுக்குப் போனா உங்களுக்கு ஒண்டும் கிடைக்காது, அந்தப் பிள்ளையளுக்கும் கிடைக்காது. ஒரு நாளைக்கு வந்து கொஞ்சிட்டுப் போற அக்காமார் அந்தப் பிள்ளையளுக்குத் தேவையும் இல்ல.

அதால நான் சொல்லுறது, சின்ன வேலையா ஒண்டு பிடிங்க, கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஆனா விடாம. டியூக் ஒப் எடின்பரோ விருது எண்டு இங்க தேசிய இளைஞர் விருது அதிகார சபைக்குக் கீழ நடக்குதே, அதுல சேவைப் பகுதிக்கு பிரொன்ஸுக்கு குறைஞ்சது 3 மாசம், சில்வருக்கு 6, கோல்டுக்கு 12 எண்டு வச்சிருக்கிறது சும்மா இல்ல, கிழமைக்கு ஒரு மணித்தியாலக் கணக்குத்தான், ஆனா மாசக்கணக்கா ஒரே இடத்துக்குப் போனாத்தான் அங்கத்தை ஆக்கள் உங்கள பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. 14 வயசுல இருந்து அதுல சேரலாம், உங்கட ஸ்கூல்ல இருக்கா எண்டு கேட்டுப் பாருங்க. லியோ கிளப், இன்டரக்ட் கிளப், சாரணியர், செஞ்சிலுவை, சென் ஜோன்ஸ் எல்லாம் இருக்குத்தான், பேரப் பார்த்து சேராதீங்க, போன மாசம் என்ன செஞ்சாங்க எண்டு கேட்டு சேருங்க. முதலுதவி பழக்குற இடத்த நான் முன்னுக்கு வைப்பன். தொண்டு செய்யப் போறவளுக்கு முதல் தன்ட கால் வெட்டினா என்ன செய்யிறது எண்டு தெரியணும். வெல்லம்பிட்டியில எங்களோட வந்த ஒராள் செருப்போட சேத்துக்குள்ள இறங்கி தகரம் வெட்டி ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கொண்டு வந்தார், வெள்ளத் தண்ணிக்குள்ள இறங்கிறதெண்டா எலிக்காய்ச்சலும் இருக்கு, பீஎச்ஐட்டக் கேட்டு தடுப்பு மாத்திரை எடுக்காம இறங்கக் கூடாது எண்டு எங்களுக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

இரத்தம் குடுக்க உங்களுக்கு வயசு காணாது, 18 ஆகணும், ஆனா முகாம்ல போர்ம் நிரப்ப உதவி செய்யிறது, குடுத்திட்டு வாறவங்களுக்கு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடுத்து தலை சுத்துதா எண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறது, இதுக்கு உங்கள மாதிரிப் பிள்ளையள்தான் தேவை. தமிழ்ல மட்டும் கதைக்கிற ஆக்கள் வந்தா போர்ம்ல இருக்கிற கேள்விய விளங்கப்படுத்த ஆள் இல்லாம நிக்கிறத நான் கண்டிருக்கன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு அண்டைக்கு இரத்தம் குடுக்க எவ்வளவு சனம் வரிசையில நிண்டிச்சு எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்காது, சின்னப் பிள்ளையா இருந்திருப்பீங்க. கொட்டாஞ்சேனையில குண்டு வெடிச்ச கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடி ஆக்கள் எங்களுக்கு அண்டைக்குக் கை கால் ஓடல, அந்த வரிசையக் கேள்விப்பட்ட பிறகுதான் மூச்சு வந்திச்சு.

டெங்கு வேலையும் நல்லது, ஒருத்தரும் போட்டோ எடுக்க மாட்டாங்க அதுக்கு. 2017ல நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல டெங்கு வந்த நேரம் நாங்க பிளாட் பிளாட்டா ஏறினம். பூச்சாடிக்குக் கீழ தட்டு, பிரிஜ்ஜுக்குப் பின்னால தண்ணி விழுற தட்டு, பீலி. தண்ணிய ஊத்திட்டா காணாது, முட்டை பக்கத்துச் சுவர்ல ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கா காய்ஞ்சும் உயிரோட இருக்கும், தேய்ச்சுக் கழுவணும் எண்டு சொன்னா ஆன்ரிமார் நம்பாம என்னையே கழுவ விடுவாங்க. இருபத்தஞ்சாவது கதவத் தட்டும்போது கூச்சம் எண்ட ஒண்டு எனக்கு எங்க போச்சு எண்டே தெரியாது.

கவனமா இருக்க வேண்டிய ரெண்டு மூண்டு: தனிய போகாதீங்க, இடமும் திரும்பிற நேரமும் வீட்டுல தெரியணும், டின் குலுக்கி காசு சேர்க்கிற வேலைய கணக்குக் காட்டாத ஆக்களோட செய்யாதீங்க, சோதனை மாசத்துல நில்லுங்க, ஒருத்தரும் குறை நினைக்க மாட்டாங்க, நினைச்சா அந்த இடம் சரியில்ல. ஏஎல் கிளாஸையும் விடாதீங்க, கிழமையில 168 மணித்தியாலம் இருக்கு, நாங்க கேக்கிறது ஒண்டு.

அம்மாவப் பற்றி. அவவோட வாதாடி வெல்ல ஏலாது, நானும் முயற்சி பண்ணித் தோத்தவள்தான். என்ட அம்மாவும் "வீட்டுல ஒரு கோப்பை கழுவ மாட்டா, ஊருக்கு சேறு அள்ளப் போறா" எண்டு வாசல்ல நிண்டு பேசினவதான், அதுல நியாயமும் இருந்திச்சு. பிறகு ஒரு ஆடிவேல் திருவிழா நேரம் சனத்துக்குத் தேசிக்காய்த் தண்ணி குடுக்கிற எங்கட தாகசாந்திக்கு ஆள் காணாம, தேசிக்காய் மூட்டையக் கொண்டுவந்து வீட்டு குசினியில இறக்கிட்டன். அம்மா பேசிப் பேசியே புழிஞ்சா, பேசிப் பேசியே கூட வந்தா, வேல் வார நேரம் வெயில்ல சனம் கோப்பைய நீட்ட நீட்ட ஊத்தினா, ஒரு கிழவர் ரெண்டாந்தரம் வாங்கிக் குடிச்சிட்டு "யாரு சீனி போட்டது, அளவா இருக்கு" எண்டார். அவ்வளவுதான். இப்ப ஒவ்வொரு வருசமும் தேசிக்காய், சீனி, உப்பு எல்லாம் அவட பொறுப்பு, நான் கரண்டியத் தொட்டா "உனக்கு அளவு தெரியாது, தள்ளு" எண்டுறா.